சுவரில் தொங்கிய கை

"பாலண்ணை, உங்கட கை எங்கட சேர்ச் மண்டபத்தில தொங்குது."

வின்சென்ற் தொலைபேசியில் இப்படிச் சொன்னதும் பாலேந்திரன் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். இருந்தன.

"என்னடா சொல்லுறாய்?"

"போலந்துக்காரர் தங்கட சனம் நோர்வேக்கு வந்த வரலாறு எண்டு படக்கண்காட்சி வைக்கினம். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. அந்த நாளில வடக்கை, பாட்ஸ்பியோர்ட்டில, மீன் ஃபக்டரி வாசல்ல வைச்சு உங்களையும் டனூட்டாவையும் ஒரு படம் எடுத்துத் தந்தனானெல்லே? ஆளுக்கொரு கொப்பி. அதில டனூட்டா நிக்கிறா. அவவின்ர தோளில உங்கட கை. உங்களைக் காணேல்லை."

"நான் எங்கை?"

"வெட்டிப்போட்டினம் அண்ணை."

"உன்னட்டை நெகட்டிவ் இல்லையே?"

"அது வீடு மாறேக்கை துலைஞ்சு போச்சு."

மறுநாளே பாலேந்திரன் போய்ப் பார்த்தார். உண்மைதான். மோதிர விரலின் நுனி இல்லை. மீன் வெட்டும் கத்தி கொண்டுபோனது. சந்தேகமே வேண்டாம், அவருடைய இடது கைதான். கீழே 'டனூட்டா, பாட்ஸ்பியோர்ட், 1987' என்று எழுதியிருந்தது. கைக்குப் பெயர் இல்லை.

இந்த நாட்டில் இத்தனை காலம் பாடுபட்டதில் என்ன மிஞ்சியது என்று அவர் அடிக்கடி யோசிக்கிறவர். இப்போது விடை தெரிந்துவிட்டது. மணிக்கட்டுக்குக் கீழே.

கண்காட்சியின் பொறுப்பாளர் ஹலினா என்ற போலந்துப் பெண், வாயில் ஆணிகளைக் கவ்வியபடி சுத்தியலோடு நின்றாள்.

"இது என்னுடைய கை," என்றார் பாலேந்திரன் நோர்வீஜிய மொழியில்.

ஹலினா சுவரைப் பார்த்தாள். அவருடைய விரலைப் பார்த்தாள். ஆணிகளைத் துப்பினாள்.

"நீங்கள்தானா! யாருடைய கை என்று ஊரெல்லாம் கேட்டுவிட்டோம்."

"என்னை யார் வெட்டியது?"

"டனூட்டாவேதான். போலந்தில் இருந்த வருங்கால மாமியாருக்கு அனுப்பிய படமாம். பக்கத்தில் யார் என்று கேட்டுவிடுவார் என்ற பயம். படத்தைத் தந்த மகளுக்கு அவ்வளவுதான் தெரியும்."

பாலேந்திரனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒரு மாமியாருக்குப் பயந்து வரலாற்றை வெட்டுவதா? ஒரே மேசையில் மீன் வெட்டினோம். ஒரே குளிரில் விறைத்தோம். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? அங்கே போலந்துக்காரர் மட்டும்தான் இருந்தார்கள் என்றுதானே? பக்கத்தில் நின்றவனை வெட்டி எறிந்துவிட்டு மாட்டுவதற்குப் பெயர் வரலாறா?"

ஏணியில் நின்ற ஒருவர் கைதட்டினார். ஹலினாவின் முகம் சிவந்துபோனது.

"நீங்கள் சொல்வது சரி. உங்களிடம் முழுப்படம் இருக்கிறதா? இருந்தால் இதைக் கழற்றிவிட்டு அதைப் பெரிதாக்கி வாசலிலேயே மாட்டுவேன். உங்கள் பெயரோடு."

"இருக்கிறது. இப்போதே வீட்டுக்கு வாருங்கள்."

ஹலினா படத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். வீடு இருந்த ஸ்டோவ்னர் போய்ச் சேரும்வரை ரயிலில் பாலேந்திரன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சபாரத்தினத்துக்குச் சொன்னார். இந்திரகுமாருக்குச் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடை வாங்கோ. போலந்துக்காரற்ற வரலாற்றில எங்களையும் மாட்டுகினம். ஓம், வாசல்ல!"

வீட்டில் மனைவி கமலாதேவி விருந்தாளிக்குத் தேநீரும் வடையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இஞ்சேர், பாட்ஸ்பியோர்ட்டில வின்சென்ற் எடுத்த படம் எங்கை?"

"அதுவோ? நீங்கள் கலியாணம் பேசேக்கை ஊருக்கு அனுப்பின படமெல்லே? நான் வரேக்கை கையோடை கொண்டந்திட்டன்."

கலியாணம் என்றதும் பாலேந்திரன் வடைத் தட்டை ஹலினாவின் பக்கம் தள்ளினார்.

"சரி சரி, அதைப் பிறகு பாப்பம். அவ முதல்ல வடையைச் சாப்பிடட்டும்."

ஆனால் கமலாதேவி அலுமாரியைத் திறந்து, ஆல்பத்தை எடுத்து, ஹலினாவின் மடியில் விரித்தும்விட்டாள்.

ஃபக்டரி வாசல். பனி. மீசையும் சிரிப்புமாக மெலிந்த பாலேந்திரன். வலது கையில் தேநீர்க் கோப்பை. இடது தோளுக்கு அப்பால் வெறும் பனி.

ஹலினா அதை விரலால் தடவிப் பார்த்தாள். பனி இல்லை, வெள்ளைக் காகிதம். தோளோடு வெட்டிவிட்டு, வெறுமையாக இருந்த இடத்தில் பிசிறு தெரியாமல் ஒட்டியிருந்தது. பனியும் வெள்ளைதானே, ஊரில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று கத்தரிக்கோலும் பசையுமாக இருந்தது பாலேந்திரனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஹலினா பையிலிருந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் ஆளில்லாத கை. மற்றதில் கையில்லாத ஆள். இரண்டு கத்தரிக்கோல்களுக்கும் இடையில், தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இருந்த பகுதி எந்த நாட்டு வரலாற்றிலும் இல்லை.

"உங்களுக்கும் மாமியாரா?" என்று மெதுவாகக் கேட்டாள் ஹலினா.

"மாமனார்," என்றார் பாலேந்திரன்.

ஹலினா சிரிப்பை அடக்க ஒரு வடையை எடுத்து முழுதாக வாயில் வைத்துக்கொண்டாள்.

பாலேந்திரனுக்கு இப்போது வரலாற்றைப் பற்றிய கவலை இல்லை. கமலாதேவி டனூட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தத் தோளை. பிறகு, தோளில் கிடந்த, நுனியில்லாத விரலை.

"அண்டைக்குச் சரியான காத்து," என்று தொடங்கினார் அவர். "ஆள் விழப்போறா, பிடியுங்கோ எண்டு வின்சென்ற்தான்..."

"ஓ, கை இஞ்சையோ இருந்தது?" என்றாள் கமலாதேவி.

"என்ன?"

"படம் வந்த அண்டு அப்பா கண்ணாடியைப் போட்டுப் போட்டுப் பார்த்தவர். 'மாப்பிள்ளைக்கு ஒரு கை இல்லைப் போல கிடக்கு, இந்தச் சம்பந்தம் வேண்டாம்' எண்டிட்டார்."

"நீ ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லையே?"

"எயார்போட்டில ரெண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நிண்டியள். பிறகென்னத்தைச் சொல்லுறது?" ஹலினாவின் கோப்பையில் தேநீரை நிரப்பியபடியே கமலாதேவி சொன்னாள். "ஆனா அண்டைக்கு நான் அப்பாவிட்டைச் சொன்னது, கை இல்லாட்டிலும் பரவாயில்லை, இவரைத்தான் கட்டுவன் எண்டு."