சிவப்பிக்குப் பின்னால் ஒரு சாக்கு

"சேகரத்தண்ணை, ஒரு கதை சொல்லுவன், கோவிக்கப்படாது. உங்கட சிவப்பியிலை ஓராள் கண் வைச்சிருக்குது."

வேலிக்கு அப்பால் நின்று நல்லம்மா சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி. அந்த ஒழுங்கையில் ஓர் இலை விழுவதென்றாலும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் விழவேண்டும்.

ஞானசேகரம் வேலியடிக்கு வந்தார். "ஆர்?"

"வேறை ஆர், சந்தையிலை இறைச்சிக்கடை வைச்சிருக்கிற ஆதம்பாவா. ஒரு கிழமையாப் பாக்கிறன். விடியப்புறத்திலை சாக்கும் கையுமா மாட்டுக்குப் பின்னாலை திரியிறார்."

ஞானசேகரம் துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கமலேஸ்வரி காலமாகி இரண்டு வருடம். ஒரே மகனுக்குக் கொழும்பில் உத்தியோகம். வருகிறேன், வருகிறேன் என்று சொல்லுவான். ஆள் வராது. தெரிந்தவர்கள் கையில் பிஸ்கட்டும் தேயிலையும் பளபளப்பான சொப்பிங் பைகளில் வந்து சேரும்.

அவரோடு மிஞ்சியிருந்தது சிவப்பி ஒன்றுதான். கமலேஸ்வரி கன்றாக வாங்கி வளர்த்த பசு. விடியப்புறம் அவிழ்த்துவிட்டால் கடற்கரை, சந்தை என்று ஊர் சுற்றிவிட்டுப் பொழுதுபடத் திரும்பும். வந்ததும் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு, துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பல் வந்தது முதல் தன் முழங்கால் வலி வரைக்கும் எல்லாம் சொல்லுவார். வேறு யாரிடம் சொல்ல?

சிவப்பியை அவர் சாமியாகவே பார்த்தார். தான் தின்று மிஞ்சிய சோற்றை ஒருநாளும் அதற்கு வைத்ததில்லை. மீன் குழம்பு பட்ட எச்சிலைப் பசுவுக்குக் கொடுப்பது பாவமல்லவா? ஆனால் இரண்டு பேருக்கு அரிசி போட்டுப் பழகிய கை இன்னும் அப்படியேதான் போடுகிறது. மிஞ்சுவதை இறுகக் கட்டி, ஒழுங்கை திரும்பும் முடக்கில், குப்பை போடும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் படுப்பார். மற்றவர்களைப் போல வாளியோடு கொட்டுகிற ஊத்தைப் பழக்கம் அவரிடம் இல்லை.

நல்லம்மா சொன்னதும் போன மாதம் நடந்தது ஞாபகம் வந்தது. அவர் ‘காக்கா’ என்று அண்ணன் முறையில் கூப்பிடுகிற ஆதம்பாவா சந்தையில் அவரை மறித்து, "மாட்டக் கட்டி வளருங்க ஐயா. இப்படித் திரிய விட்டா ஒரு நாளைக்கு இல்லாமப் போயிரும்" என்றிருந்தார். அன்றைக்கு அது அக்கறை மாதிரி இருந்தது. இன்றைக்கு வெருட்டல் மாதிரி இருந்தது.

"பொலிசிலை சொல்லுங்கோ அண்ணை."

"கையும் களவுமாப் பிடிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

இரவு முழுக்க நித்திரை இல்லை. சிவப்பியும் போய்விட்டால் இந்த வீட்டில் சுவரோடுதான் கதைக்க வேண்டும். அதை நினைக்க அவருக்கு அழுகை வந்தது.

விடிந்தும் விடியாமலும் சிவப்பியை அவிழ்த்துவிட்டுச் சத்தமில்லாமல் பின்னால் போனார். அது நேரே ஒழுங்கை முடக்குக்குப் போய்க் குப்பைக்குள் முகத்தை விட்டது. எங்கிருந்தோ ஆதம்பாவா வந்தார். தோளில் சாக்கு. கொம்பைப் பிடித்து மாட்டின் முகத்தைத் திருப்பி, வாய்க்குள் கையை விட்டு எதையோ இழுத்தெடுத்தார்.

"விடுங்கோ காக்கா, மாட்டை."

ஆதம்பாவா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எல்லாம் கேள்விப்பட்டுத்தான் வந்தனான். சாக்குக்குள்ளை என்ன? கயிறோ, கத்தியோ?"

ஆதம்பாவா சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினார்.

விழுந்ததெல்லாம் பொலித்தீன் பைகள். எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கடைக்குக் கடை வந்து குவிந்த சாமான்.

"போன மாசம் நான் அறுத்த ஒரு மாட்டுட வயித்துக்குள்ள இது தேங்காயளவு உருண்டு கிடந்திச்சு ஐயா. எவ்வளவு காலம் அந்த வேதனையோட திரிஞ்சிச்சோ. அதுக்குப் பிறகுதான் ஒங்களுக்குச் சொன்னன். நீங்க கட்டல்ல. அதான் விடியத் தொழுதுபோட்டு வந்து நானே பொறுக்கிறன்."

ஞானசேகரத்துக்கு இன்னும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"மாடு அறுக்கிறவருக்கு மாட்டிலை இவ்வளவு இரக்கமோ?"

"அறுக்கிறது என்ட தொழில் ஐயா. வேதனையில அந்தரிக்க விடுறது என்ட தொழில் இல்லியே."

பிறகு ஆதம்பாவா, மாட்டின் வாயிலிருந்து எடுத்த பையை நீட்டினார்.

"இதப் பாருங்க. ஒவ்வொரு நாளும் ஆரோ சோத்தக் கட்டிப் போடுறாங்க. வாசத்துக்கு ஒங்கட மாடு பையோட முழுங்கப் பாக்குது. ஆரெண்டு தெரிஞ்சா ஒரு சொல்லுச் சொல்லலாம்."

மாட்டின் எச்சில் வீணி வழிந்த அந்தப் பையில் கொழும்புக் கடையொன்றின் பெயர் சிவப்பு எழுத்தில் இருந்தது. உள்ளே நேற்றைய சோறும் மீன் முள்ளும். வாய் இறுகக் கட்டியிருந்தது.

ஞானசேகரம் அதை வாங்கிக்கொண்டார். சிவப்பியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

நல்லம்மா வேலியோரம் காத்து நின்றாள்.

"என்னண்ணை, ஆள் பிடிபட்டிட்டாரோ?"

"ஓம் பிள்ளை, பிடிபட்டிட்டார்."

"அப்ப ஆள் இப்ப எங்கை? பொலிசிலையோ?"

"இல்லை. எங்கட வீட்டிலைதான் நிக்கிறார்."

நல்லம்மா ஆவலோடு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஞானசேகரத்தையும் சிவப்பியையும் தவிர அந்த வீட்டில் ஒருவரையும் காணவில்லை.