கண்ணகை வளவில் கேட்ட சத்தம்

"இண்டைக்கு அவன்ட கைய முறிக்காம நான் வீட்டுக்குத் திரும்பமாட்டன்!"

வயலில் இருந்து வந்த கையோடு கதிர்காமத்தம்பி கூரையில் செருகியிருந்த பூவரசங்கம்பை உருவினார். மீன்காரி சொல்லிவிட்டுப் போன சேதி அப்படி.

தங்கச்சி கண்ணகையின் தோளில் கண்டல் காயமாம். விடிந்தால் அவள் வீட்டு வளவுக்குள் 'தொம்' என்று இரும்பு விழுகிற சத்தமாம். பின்னாலேயே பெண்பிள்ளை முனகுகிற சத்தமாம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கண்ணகையின் புருஷன் இராசதுரை கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். அங்கே ஒரு வடநாட்டுப் பயில்வானிடம் பழகி, ஊருக்குத் திரும்பும்போது ஓர் உருக்குக் கதாயுதத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். நீளத் தண்டு, நுனியில் தேங்காய்ப் பருமனில் குண்டு. தினமும் அதைத் தலையைச் சுற்றிச் சுழற்றினால்தான் அவனுக்குப் பொழுது விடியும். அப்படிப்பட்டவன் கை வீட்டுக்குள் மட்டும் சும்மா இருக்குமா?

"இஞ்ச பாருங்க, அவர் அப்பிடிப்பட்ட ஆள் இல்ல. விசாரிச்சுப்போட்டுக் கோவிங்க" என்று குறுக்கே வந்தாள் மனைவி சீதேவி.

"உனக்கென்னடி தெரியும்?"

கன்னத்தில் ஒன்று வைத்தார். அவள் விலகிவிட்டாள். வேலிக் கடப்பைத் தாண்டுவதற்குள் அவர் அதை மறந்தும்விட்டார். வழக்கமாக நடப்பதை யார் நினைவில் வைத்துக்கொண்டிருப்பார்கள்?

"தங்கச்சிக்கு அடிக்கிறானாம். விடுவனா நான்?" என்று வழியெல்லாம் முழங்கிக்கொண்டே போனார். வாவிக்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள், "அண்ணன் எண்டா இப்பிடி இருக்கோணும்" என்று மெச்சினார்கள். அவருக்கு நடை இன்னும் நிமிர்ந்தது.

கண்ணகையின் வளவில் இராசதுரை மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். கதாயுதம் மாமரத்தில் சாய்ந்திருந்தது.

"டேய்! என்ட தங்கச்சிக்கு அடிச்சியா?"

இராசதுரை நிமிர்ந்து ஒரு தரம் வாசல் பக்கம் பார்த்தான். மறுபடியும் வைக்கோலை அள்ளினான்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"அடிக்கிறதெண்டா அடிங்க, மச்சான். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

கம்பு உயர்ந்தது.

"அண்ணே! கம்பக் கீழ போடுங்க!" குசினிக்குள் அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள் கண்ணகை.

"நீ பயப்படாத புள்ள. உன்ன இப்பவே நம்மட வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறன். சொல்லு, தோள்ல அந்தக் கண்டல் எப்பிடி வந்த?"

"அதாலதான்." அவள் கதாயுதத்தைக் காட்டினாள்.

"பார்த்தியாடா!"

"அவர்ல பிழையில்ல, அண்ணே. நான் சுத்தக்குள்ள பட்டது."

கதிர்காமத்தம்பிக்கு விளங்கவில்லை. கண்ணகை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. சேலையை இழுத்து இடுப்பில் செருகினாள். கதாயுதத்தை இரண்டு கையாலும் நிமிர்த்தி, தோளுக்குப் பின்னால் விழவிட்டு, முதுகைச் சுற்றி முன்னால் கொண்டுவந்தாள். நிறுத்தாமல் மறுபடியும் சுற்றினாள். காற்று விசுக்கென்று அண்ணனின் மீசையில் அடித்தது.

"நான்தான் கேட்டன், இவர் பழக்கினார். பழகிற நேரம் கை தவறினா முதுகில விழும். பொம்புள கதாயுதம் சுத்திறா எண்டு ஊர் என்னப் பார்த்துச் சிரிக்கிறத விட, பெண்டாட்டிக்கு அடிக்கிறவன் எண்டு தன்ன ஏசட்டும் எண்டு இந்த மனிசன் வாய மூடிக்கிட்டு இருக்கிறார்."

"பொம்புளைக்கு என்னத்துக்குடி இது? குடும்ப மானம் கப்பலேறிப்போகும்! இத இப்பவே வாவியில எறியிறன் பார்!"

கம்பைப் போட்டுவிட்டுக் கதாயுதத்தை ஒரு கையால் வெடுக்கென்று தூக்கினார். அது இடுப்பு வரை வந்தது. அதற்குமேல் வர மறுத்து, அவரையும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு 'தொம்' என்று நிலத்தில் விழுந்தது. கால்விரல் தப்பியது அவர் செய்த புண்ணியம். இராசதுரை சிரிக்காமல் வைக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றது அவனுடைய நல்ல குணம்.

"இது என்ட வளவு, அண்ணே. அம்மா எனக்குச் சீதனமாத் தந்தது. இதுக்குள்ள எது இருக்கிற, எது போற எண்டு நான்தான் சொல்லுவன்" என்றாள் கண்ணகை.

"உனக்குத்தான் ஒருத்தரும் அடிக்கிறல்லையே! மறுகா என்ன கேட்டுக்கு இதப் பழகிற?"

"நான் ஆசைக்குப் பழகினன். அடி வாங்கிற ஒராள் வந்து கேட்டா. அவவுக்கு இப்ப நான் பழக்கிறன். புருஷன் விடியக்காலம் வயலுக்குப் போனாப்போல வருவா."

கதிர்காமத்தம்பிக்கு ஆத்திரம் பொங்கியது. "ஆருடி அவள்? பேரச் சொல்லு! புருஷன்ட காதில இப்பவே போட்டுவிடுறன். பொம்புளைய அடக்கத் தெரியாத பேயன்!"

கடப்புப் பக்கம் சத்தம் கேட்டது. சீதேவி வந்துகொண்டிருந்தாள். கன்னம் இன்னும் சிவந்திருந்தது. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. நேரே மாமரத்தடிக்குப் போய், குனிந்து, அவர் போட்டுவிட்ட கதாயுதத்தை இரண்டு கையாலும் எடுத்து நிமிர்த்தினாள்.

"தள்ளி நில்லுங்க. சுத்திற நேரம் கிட்ட நிண்டா படும்."

கதிர்காமத்தம்பி தள்ளி நின்றார்.

அவள் கைகளை உயர்த்தியபோது சேலை நழுவி, தோளில் ஒரு கண்டல் தெரிந்தது. அவர் முன்பே பார்த்த கண்டல்தான். அதுவும் தன் கைவேலை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.