தாழ்ப்பாளில் வைத்த கை

பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைத்திருந்த அந்தக் கதையைத்தான் பேராசிரியர் சற்குணம் முப்பது வருடமாக வகுப்பில் சொல்லிவந்தார். அதை எழுதிய மரகதவல்லி அம்மாளின் பாராட்டு விழாவிலும் அதையே பேசினார்.

"கடைசி வரியில, தாழ்ப்பாள்ல கை வச்சபடியே கதாநாயகியை நிறுத்திட்டாங்க. திறந்தாளா இல்லையான்னு சொல்லவே இல்ல. அந்தத் துணிச்சல் வேற யாருக்கு வரும்?"

கைதட்டலுக்கு நடுவே அவர் வந்து உட்கார்ந்ததும், பக்கத்து நாற்காலியிலிருந்து அம்மாள் மெதுவாகக் கேட்டார்: "கதவைத் தொறந்து வெளிய போறாளே சார், அது உங்களுக்குப் பிடிக்கலியா?"

சற்குணம் கையிலிருந்த பைண்டைப் புரட்டினார். கடைசி வரிக்குக் கீழே, பைண்டர் ஓரம் வெட்டியதில் பாதி மிஞ்சிய எழுத்துகள் இருந்தன. இத்தனை வருடமாக அவர் படிக்காத எழுத்துகள். 'தொடர்ச்சி 74ஆம் பக்கம்.' எத்தனை பிள்ளைகள் அந்த மௌனத்தை வியந்து பரீட்சை எழுதியிருப்பார்கள்.

அம்மாள் பைண்டை வாங்கி, அந்த எழுத்துகளின் மேலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "இப்படியே இருக்கட்டும் சார். யாரு கேக்கப் போறா?"

சற்குணம் எழுந்து மறுபடியும் மைக்குக்குப் போனார். பழைய மாணவர்கள் நிறைந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. மைக்கில் வைத்த கையை எடுக்காமல் அவர் நின்றுகொண்டே இருந்தார்.