பூங்கா பெஞ்சில் இருவர்

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

பெரிய டீச்சர் நடையை நிறுத்தாமலேயே கேட்டார். பின்னால் மூச்சு வாங்க வந்த பெண்கள் பூங்கா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெஞ்சில் இருந்தவர், அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவருடைய கீழ்வீட்டு அம்மாள். அந்த அம்மாளின் கை அவர் கையில். தினமும் மாலையில் இதே கூத்துதான்.

"ரெண்டு பேருக்குமே துணை இல்லையாமேக்கா."

"அதுக்காக? எனக்கும்தான் யாரும் இல்ல. நான் இப்படியா உட்கார்ந்திருக்கேன்?"

பெரிய டீச்சர் தலைமை ஆசிரியையாக இருந்தவர். உப்பைக் குறை, கையை வீசி நட, நேரத்தோடு தூங்கு என்று பூங்காவில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒருத்திக்காக அடுப்பு மூட்டப் பிடிக்காமல், அவர் ராத்திரிச் சாப்பாட்டை பிஸ்கட்டும் காபியுமாக முடித்துக்கொள்வது யாருக்கும் தெரியாது. அப்புறம் தூக்கம் வராமல் புரள்வதும்தான்.

அன்று மற்றவர்களை அனுப்பிவிட்டு நேராகப் பெஞ்சுக்கு வந்தார்.

"சார், குழந்தைங்க விளையாடுற இடம். கொஞ்சம் பார்த்து நடந்துக்கக் கூடாதா?"

அவர் நிமிரவில்லை. "ஒரு நிமிஷம்மா. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"எதை?"

அந்த அம்மாள்தான் பதில் சொன்னார். "என் நாடியை. இதயம் தாளம் தப்பி அடிக்குதாம். தினமும் பார்க்கச் சொல்லியிருக்கார் டாக்டர். சர்க்கரையில எனக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு. நானே தொட்டா ஒண்ணும் தெரியல. பாவம், இவர்தான் பார்க்கிறார்."

"இன்னைக்குப் பரவாயில்ல," என்று அவர் கையை விட்டார்.

பெரிய டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. போய்விடலாம் என்று திரும்பினார். போகவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் கையை மெல்ல நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம்... பார்க்கிறீங்களா? ஒண்ணும் இருக்காது. சும்மாதான்."

விரல்கள் மணிக்கட்டில் பதிந்தன. கடைசியாகத் தன் கையை யார் தொட்டார்கள் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

பிழை திருத்தியவரின் நெற்றி சுருங்கியது. "அப்பப்போ படபடன்னு வருமா?"

"வரும். தனியா இருக்கிற பயம்னு நினைச்சுக்கிட்டேன்."

"விட்டு விட்டு அடிக்குதும்மா. நாளைக்கே டாக்டரைப் பாருங்க. கூட யார் வருவாங்க?"

பெரிய டீச்சர் நீட்டிய கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"நாங்க வர்றோம்," என்றார் கீழ்வீட்டு அம்மாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், பிழை திருத்தியவர் சொன்னதுதான் சரி என்று ஆனது. மாத்திரை கொடுத்தார்கள். காபியைக் குறைத்து, வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே நடைத்தோழி ஒருத்தி போனில் வந்தாள்.

"என்னக்கா இது? அந்த ஜோடியோட கையைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னீங்களாமே! ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க!"

"ஆமா, நின்னேன்," என்றார் பெரிய டீச்சர். "ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அந்தம்மா. விட்டிருந்தா விழுந்திருப்பேன்டி."