முன்பு, பின்பு

“அண்ணா, அந்த போஸ்டர்ல இருக்கிற பவுடர் ஒரு டப்பா குடுங்க,” என்றாள் பள்ளிச் சீருடையில் வந்தவள்.

டப்பாவை எடுத்துக் கொடுத்த மருந்துக் கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். “மூணே மாசம்தான்மா. எப்படி இருந்தவ எப்படி ஆயிட்டா பாரு!”

போஸ்டரில் ஒரே பெண்ணின் இரண்டு படங்கள். ‘முன்பு’ படத்தில் கொழுகொழு கன்னம். ‘பின்பு’ படத்தில் கன்னமே இல்லை, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

பக்கத்தில் மருந்துச் சீட்டோடு நின்ற பெண்மணி, “வாங்காத கண்ணு. அது என் பொண்ணு,” என்றாள்.

“நிஜமாவா ஆன்ட்டி? செம லக்கி அவங்க!”

“ஒரு நடிகையோட இடுப்பைப் பாத்துட்டு சாப்பாட்டையே விட்டா. ஆஸ்பத்திரியில சேத்தப்ப எடுத்ததுதான் அந்த ஒல்லிப் படம். ஒரு வருஷம் கெஞ்சிக் கூத்தாடி ஊட்டினேன். தேறினப்புறம் எடுத்தது அந்தக் கன்னம் வெச்ச படம். சந்தோஷத்துல ரெண்டையும் நான்தான் ஃபேஸ்புக்ல போட்டேன். கம்பெனிக்காரன் திருடி, வரிசையை மாத்திட்டான்.”

கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இப்ப எப்படி இருக்காங்க?”

“அவளும் இந்த போஸ்டரைப் பாத்தா. மறுபடியும் ஆஸ்பத்திரி.”

“அப்ப, இந்தப் பவுடரை அவங்க சாப்பிடவே இல்லையா?”

“வாயில வெச்சதே இல்ல கண்ணு.”

மாணவி டப்பாவைத் திருப்பி வைத்தாள். தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒருத்தியாவது பிழைத்தாள்!

மாணவி நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அந்த மாதிரி ஆக, எத்தனை நாள் சாப்பிடாம இருந்தாங்க ஆன்ட்டி?”