இடது கைத் துப்பாக்கி

"பெர்னார்தா அக்கா சொல்லி வச்சது இதுதான் அண்ணே" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் ஸ்ரெச்கோ உள்ளேயிருந்து ஒரு வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

மில்கா சட்டென்று கணவர் பக்கம் திரும்பினாள்.

துப்பாக்கி வாங்க வந்திருப்பது அவள் கணவர் லோய்ஸே. பழையதின் குழல் தேய்ந்துபோனதால் நடுத்தர விலையில் ஒன்று பார்க்கலாம் என்று கிளம்பியவர். இதில் பெர்னார்தா எங்கிருந்து வந்தாள்?

வனக்காவலரின் விதவை பெர்னார்தா. ஊர் வேட்டைச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. போன வருஷம் லோய்ஸே ஒரு காட்டுப்பன்றியை வீழ்த்தியபோது, வழக்கப்படி தேவதாருக் கொத்தை அவர் தொப்பியில் செருகியவளும் அவள்தான். செருகிவிட்டுத் தொப்பியை நேராக்கினாள். தொப்பி ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. மில்கா பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

வசந்தத்திலிருந்து புதன்கிழமைதோறும் லோய்ஸே குறி பழகப் போகிறார். அங்கேயும் அவள். இத்தனை வருஷம் சுட்ட மனுஷனுக்குப் புதிதாக என்ன பழக்கம் என்று மில்கா கேட்டுப் பார்த்தாள். சும்மாதான் என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அவர் தும்மினாலே காரணம் தேடுகிறவள், இதைச் சும்மா விடுவாளா? அதனால்தான் இன்று கடைக்கு நானும் வருவேன் என்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஸ்ரெச்கோ விளக்கிக்கொண்டே போனார். ஒரு கை மாறியதுதான், ஆனால் குழல் புதுசு மாதிரி. துப்பாக்கியில் மிச்சம் பிடித்து அந்தப் பணத்தைத் துப்பாக்கிமேல் மாட்டுகிற நல்ல தொலைநோக்கியில் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இழுத்துத் தள்ளுகிற போல்ட்டின் பிடி இதில் இடப்பக்கம் இருக்கும். இடது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கென்றே செய்தது. இந்த விலைக்கு மறுபடி கிடைக்காது.

ஊரில் இடது தோளில் வைத்துச் சுடுகிற ஆள் ஒரே ஒருத்திதான். அவளுடைய துப்பாக்கியில் தோளோடு அணைக்கிற கட்டை பிளந்து கிடப்பதும் ஊருக்கே தெரியும்.

ஆக, துப்பாக்கி அவளுக்கு. பணம் எங்கள் வீட்டுப் பணம். வாங்கித் தர வந்தவருக்குத் துணை நான்!

லோய்ஸே அதை எடுத்து இடது தோளில் பொருத்திப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் மில்காவுக்குத் தாங்கவில்லை.

"என்னங்க, ரொட்டி அறுக்கிறது வலது கை. கையெழுத்துப் போடுறது வலது கை. துப்பாக்கிக்கு மட்டும் எப்போலேர்ந்து இடது கை?"

"பழகிட்டேன் மில்கா."

"யாரு பழக்கிவிட்டது?"

ஸ்ரெச்கோவுக்குத் திடீரென்று கண்ணாடி அலமாரியைத் துடைக்கிற வேலை வந்துவிட்டது.

"வலது கைத் துப்பாக்கின்னா வாங்குங்க. இதைத்தான் வாங்குவீங்கன்னா நான் இப்படியே எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

லோய்ஸே துப்பாக்கியை மெதுவாக மேசைமேல் வைத்தார். "சரி. நீயே பாத்து எடு."

அவளே எடுத்தாள். பிளாஸ்டிக் கட்டை, வலப்பக்கப் பிடி, புத்தம் புதுசு, தொலைநோக்கியும் சேர்த்து. தோளில் வைத்துக்கூடப் பார்க்காமல் அவர் பணத்தைக் கொடுத்தார். ஜெயித்த சந்தோஷத்தில் மில்கா வழியில் கிரீம் கேக் வாங்கினாள். அவரும் மறுக்காமல் சாப்பிட்டார்.

அதோடு புதன்கிழமைப் பழக்கமும் நின்றது. அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

நவம்பரில் முதல் பெருவேட்டை. காட்டோரத்துச் சங்கக் குடிலில் பெண்களுக்குச் சமையல் வேலை. விடியும்போதே போய்விட்ட மில்கா, பெரிய அண்டாவில் பார்லியும் புகையிட்ட இறைச்சியும் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். மதியம் முதல் ஆளாக உள்ளே வந்தது பெர்னார்தா. தோளில் அதே பழைய துப்பாக்கி. பிளந்த கட்டைக்குக் கம்பி சுற்றியிருந்தாள்.

மில்காவால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "பாவம், புதுசு வாங்கித் தர ஆள் கிடைக்கலையா?"

பெர்னார்தா கையுறையைக் கழற்றிக்கொண்டே உட்கார்ந்தாள். "எனக்குன்னு ஸ்ரெச்கோ ஒண்ணு தேடிப் பிடிச்சு வச்சிருந்தான். என்னைவிட உன் வீட்டுக்காரருக்குத்தான் அவசரம், அவருக்கே கொடுத்துடுன்னு சொல்லிட்டேன். நீ வேண்டாம்னுட்டியாமே? எனக்குத் தெரியறதுக்குள்ள அதை வெளியூர் ஆள் ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டார்."

"அவருக்கு எதுக்கு இடது கைத் துப்பாக்கி?"

பெர்னார்தா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னமும் உனக்குச் சொல்லலையா? வலது கண்ணுல நடுப்பார்வை போயிடுச்சு அவருக்கு. வசந்தத்துலேயே. இன்னொரு கண்ணு நல்லா இருக்கு, இடது தோளுக்கு மாத்திக்கிட்டா சுடலாம்னு டாக்டர் சொன்னாராம். அதைத்தான் நான் புதன்கிழமை புதன்கிழமை பழக்கினேன்."

அண்டாவுக்குள் கரண்டி நின்றுவிட்டது.

வெளியே நாய்கள் குரைத்தன. தடியால் மரங்களைத் தட்டி விலங்குகளை விரட்டிக் காடு கலைக்கிறவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் இருபது வயசுப் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே முழங்கால் வரை சேற்றோடு லோய்ஸே. தோளில் துப்பாக்கி இல்லை. கையில் ஒரு தடி. காலையில் இடம் பிரிக்கும்போது, குறி பார்த்து நிற்கிற இடம் எனக்கு வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டாராம்.

"கடையிலேயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே..." என்றாள் மில்கா.

"நானும் அதைத்தான் கேட்டேன்" என்றாள் பெர்னார்தா. "'என்மேல சந்தேகம்னா அவளுக்கு ரெண்டு நாள்ல ஆறிடும். என் கண்ணை நெனச்சுக் கவலைப்பட ஆரம்பிச்சாள்னா ஆறவே ஆறாது. சந்தேகமே இருந்துட்டுப் போகட்டும்'ன்னு சொல்லிட்டார்."