பதினான்கு வரிகள்

“அம்மா, சாப்பிட்டாச்சே? குளிசை போட்டாச்சே?” என்று சொல்லிப் பார்த்தார் தொமோகோ.

“சரியாக இருக்கிறது, சிஞ்ஞோரா. ‘அம்மா’வை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுங்கள்,” என்று இத்தாலிய மொழியில் சொன்னான் யசிந்தன்.

காலை ஏழரை. பலெர்மோவின் கபோ சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் ஜன்னல்களைத் திறந்தாயிற்று. கோப்பி போட்டாயிற்று. கூடத்தைக் கூட்டித் துடைத்து, உடுப்புகளைக் கொடியில் போட்டாயிற்று. மூன்று வருடமாக அவன் தினமும் செய்கிற வேலை. மனைவி யூலியானா ஆஸ்பத்திரியில் இறந்த வாரம் மட்டும் வரவில்லை.

வீட்டின் சொந்தக்காரி தொமோகோவுக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு பலெர்மோக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர்; அவரும் இப்போது இல்லை. ஜப்பானில் கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுத்தவர். முப்பத்திரண்டு வருடம் ஒரே பத்து வயதுப் பையனின் குரல். பையனுக்கு வயது ஏறவில்லை, அவருக்கு ஏறியது. ஒருநாள் வேறொருத்தியைப் போட்டுவிட்டார்கள்.

மன்னாரில் இருக்கும் மாமி, யூலியானாவின் தாய் அகஸ்ரீனாவுக்கு இதய ஒப்பரேசன் நடந்து ஐந்து வாரம். மூன்று மாதத்துக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதனால் மகள் இறந்ததை யசிந்தன் மாமிக்குச் சொல்லவில்லை. மச்சான் டினேஷையும் சொல்லவிடவில்லை. யூலியானாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது, கதைக்க முடியாது என்று இருபத்தேழு நாளை ஓட்டியிருந்தான்.

போன சனிக்கிழமை மாமி கேட்டார்: “இன்னும் தொண்டை சுகமில்லையே, தம்பி?”

அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. யூலியானா தாய்க்கு அனுப்பிய குரல் பதிவுகள் அவளுடைய போனில் முப்பத்தொன்று இருந்தன. அவற்றைத் தொமோகோவிடம் கொடுத்தான்.

அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பொருளையும் அவர் கேட்கவில்லை.

“இதைச் சொன்னபோது நின்றாளா, இருந்தாளா?”

“நின்றாள். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.”

“பக்கத்தில் யார்?”

“நான்.”

அதையும் குறித்துக்கொண்டார். கொப்பியில் ஜப்பானிய எழுத்தில் பதினான்கு வரிகள். மாமி கேட்பதற்கு ஏற்ற வரியை யசிந்தன் தொட்டுக்காட்ட வேண்டும். தொமோகோ அதைச் சொல்ல வேண்டும்.

“இனி எடுக்கலாம்,” என்றார் தொமோகோ.

“உங்களுக்குப் பயமில்லையா?”

“என் அம்மா இறந்த அன்றும் ஸ்டூடியோவுக்குப் போனேன். பையன் சிரிக்கிற காட்சி. ஒரே தடவையில் முடித்தேன்.” கொஞ்சம் யோசித்தார். “ஆனால் கேட்டவர்கள் யாரும் அந்தப் பையனைப் பெற்றவர்கள் இல்லை.”

அவன் இலக்கத்தை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டான். தொமோகோ எழுந்து நின்றார். இருந்துகொண்டு பேசிப் பழக்கமில்லை அவருக்கு.

“மாமி, யூலியானா நிக்கிறா. கனநேரம் கதைக்க ஏலாது, தொண்டை இன்னும் நோகுது.”

முதல் வரியைத் தொட்டான்.

“அம்மா…” என்றார் தொமோகோ.

லைன் அறுந்துவிட்டதோ என்று யசிந்தன் போனைப் பார்த்தான். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“சொல்லு பிள்ளை,” என்றார் மாமி.

“சாப்பிட்டாச்சே? குளிசை போட்டாச்சே?”

“ஓம். கஞ்சி குடிச்சனான். அங்கை குளிரே?”

ஐந்தாவது வரி. “இஞ்சை நல்ல வெயில் அம்மா.”

“வேலைக்குப் போறியே?”

எட்டாவது. “ஒண்டைவிட்ட ஒருநாள் போறன்.”

கேட்ட ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் பதில் இருந்தது. யசிந்தனின் விரல் வியர்த்து, எட்டாவது வரியின் மை கலைந்தது.

“அவர் ஒழுங்காச் சாப்பிடுறாரே?”

அதற்கு வரி இல்லை. அவன் விரல் தடுமாறி எங்கேயோ நின்றது. தொமோகோ அதைச் சொல்லிவிட்டார்.

“மொண்டெல்லோவுக்குப் போனனாங்கள். கடலிலை அலையே இல்லை.”

யசிந்தன் கண்ணை மூடிக்கொண்டான். மாமியின் நெஞ்சு, அந்தத் தையல், டொக்டர் சொன்ன மூன்று மாதம்.

“அது நல்லது பிள்ளை,” என்றார் மாமி உடனே. “கடற்காத்துப் பட்டால் பசிக்கும்.”

கடைசி வரியைத் தொட்டான்.

“பேந்து எடுக்கிறன் அம்மா. கவனமா இருங்கோ.”

“சரி. போனைத் தம்பியிட்டைக் குடு.”

தொமோகோ ஓசையில்லாமல் கொப்பியை மூடிவிட்டு உட்கார்ந்தார். யசிந்தன் ஸ்பீக்கரை நிறுத்திப் போனைக் காதில் வைத்தான். முடிந்துவிட்டது.

“தம்பி, அந்த மனிசிக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுங்கோ. நல்லாக் கஷ்டப்பட்டிட்டா.”

“எந்த மனிசிக்கு மாமி?”

“எனக்கென்ன தெரியும், ஆரெண்டு. ஒண்டும் கேக்காமல் விட்டால் சந்தேகப்படுவியள் எண்டுதான் தொண்டை எப்பிடியெண்டு கேட்டனான். நீங்கள் ஒரு ஆளையே பழக்கிக் கொண்டு வந்திட்டியள். இனிப் போதும் தம்பி. அந்தக் குரலையும் கேட்டுக்கொண்டு நடிக்க என்னாலை ஏலாது.”

யசிந்தன் ஜன்னலடிக்குப் போனான்.

“டினேஷ் சொன்னவனே?”

“அவன் வாயே திறக்கேல்லை. ஆஸ்பத்திரியிலையிருந்து அவளே எடுத்து, இனித் தப்பமாட்டன் எண்டு சொன்னவள். நீங்கள் கோப்பி குடிக்கக் கீழை போன நேரமாம்.” மாமி மூச்சு வாங்கினார். “கடைசியா அவள் சொன்னது இதுதான்: ‘அம்மா, நான் போனபிறகும் ஒண்டும் தெரியாத மாதிரியே இருங்கோ. உங்களுக்கு மறைக்கிற வேலையெண்டாலும் அவருக்கு இருக்கட்டும்.’”